பேயாக்கப்பட்ட அரசி: ஆன் பொலின் அம்மையாரின் வரலாறு

இங்கிலாந்து தேசத்திலே விடுமுறை நாள் வந்துவிட்டால், தாயும் தந்தையும் பிள்ளைகளும் உணவுப் பொதியும் கையுமாகப் புறப்பட்டுப் பழைய பிரபுக்களின் மாளிகைகளையும் மன்னர்களின் அரண்மனைகளையும் பார்த்து வருதல் பெருவழக்காகும். ஒரு காலத்தில் வாயிற்காவலனின் அனுமதியின்றி எவரும் எட்டிப்பார்க்க இயலாதிருந்த கூடங்களிலே இன்று சாதாரண குடும்பத்துச் சிறுவர் கூட்டங் கூட்டமாக நடக்கின்றனர். 1838 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் இலண்டனை அடுத்த ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டமை இதற்கு ஒரு தொடக்கம் எனலாம். 1895 இல் நஷனல் ட்றஸ்ட் என்னும் சபை தோன்றியது. அச்சபையின் கூட்டத்திலே 1934 இல் லோதியன் பிரபு எழுந்து, வரிச்சுமை தாங்காது பழைய மாளிகைகள் பாழாதலை எடுத்துரைத்தார். உரியவர் தம் மாளிகையைச் சபையிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் ஒரு பகுதியிலே தொடர்ந்து குடியிருக்கலாம். மக்கள் குறித்த நாட்களில் வந்து பார்க்கலாம். இவ்வாறமைந்த திட்டம் 1937 இற் சட்டத்தின் துணையும் பெற்றது. 1940 டிசெம்பரில், அமெரிக்காவிலே பிரித்தானியத் தூதராயிருந்தபோது அப்பிரபு காலமானார். நோர்போக் பகுதியிலுள்ள அவருடைய பிளிக்ளிங் மாளிகையும் அவர் விருப்பப்படியே அச்சபையைச் சேர்ந்தது.

பிளிக்ளிங் மாளிகையைக் காணச் செல்லும் குடும்பங்களிலே கற்றோர் நாடுவது அங்குள்ள நீண்ட நூலகத்தை. ஏறக்குறைய 12,000 பழைய நூல்கள் அங்கே உள. சிறுவர் நாடுவதோ வேறொன்று. மே மாதம் 19 ஆம் நாள் இரவு, தலையற்ற குதிரைகள் பூட்டிய வண்டியொன்று, தலையற்ற சாரதி ஓட்ட, அம்மாளிகையின் வாயிலுக்கு வந்து நிற்கும் என்றும், அதனுள்ளே ஓர் அரசி தன் தலையைத் தன் மடியிலே வைத்துக்கொண்டு வீற்றிருப்பாள் என்றும், வண்டி வாயிலை அணுகியதும் மாயமாய் மறைந்துவிடும் என்றும் ஒரு கதை அந்நாட்டிலே வழங்குகிறது. அவளுடைய தந்தையும் சும்மா விடப்படவில்லை. விடியற்கோழி கூவுமுன் அவ்வட்டாரத்துப் பாலங்கள் பலவற்றையும் கடக்கவேண்டுமென்று ஆயிரம் ஆண்டுச் சாபம் அவருக்கு. இலண்டன் கோபுரக் கோட்டையிலும் அவ்வரசியின் ஆவி உலாவுமாம். கெந்துப் பகுதியிலுள்ள ஹீவர்க் கோட்டையருகே ஈடன் ஆற்றுப் பாலத்திலும் நத்தார் இரவிலே தோன்றுமாம். தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரியும் அரசியைப் பற்றி 1934 இல் ஒரு வேடிக்கைப் பாட்டும் எழுந்து இசைத்தட்டுக்களிலே பரவியது.

இத்தனை பேய்க்கதைகளுக்கும் பாத்திரமானவர் எட்டாம் ஹென்றி மன்னனின் இரண்டாம் மனைவியாராகிய ஆன் பொலின் அம்மையார். நம் நாட்டுப் பழைய கல்லூரிகளிலே இங்கிலாந்துச் சரித்திரம் பாடமாயிருந்த காலத்து மாணவர், அம்மன்னனின் மனைவியர் அறுவரின் பெயரையும் அவரவர்க்கு நேர்ந்த கதியையும் வாய்பாடுபோல ஒப்பித்தனர். ஒப்பித்தவற்றுள்ளே ஆன் அம்மையாருக்கு உரியது ஒரே ஒரு சொல்: சிரச்சேதம். அச்சொல்லிலிருந்து பேய்க்கு வந்துசேர்வது எளிது. அவர் எவ்வாறு வாழ்ந்தார், எதன் பொருட்டுக் கொல்லப்பட்டார் என்பனவே அரிதிற் கேட்கப்படுவன.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆவி வந்து இறங்குவதாகக் கூறப்படும் பிளிக்ளிங் மாளிகை அம்மையாரின் வீடன்று. அவர்தம் குலத்தாருக்கு அங்கே ஒரு வீடு இருந்தது உண்மையே. அவர் பிறந்ததும் அங்கேதான் எனப் பெரும்பாலோர் கருதுவர். ஆனால் இன்று காண்போர் வியந்து நிற்கும் செங்கல் மாளிகை, ஹென்றி ஹோபார்ட் என்னும் நீதிபதி 1616 இல் அந்நிலத்தை வாங்கிய பின்னர் எழுப்பியது. அம்மையார் இறந்து அப்பொழுது எண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. தாம் ஒருபோதும் மிதித்தறியாத வாயிற்படிக்கு அவருடைய ஆவி வழி தெரிந்து வருவதெங்ஙனம் என்று கதை சொல்வோரை யாரும் கேட்பதில்லைப் போலும். இலண்டன் கோட்டையினுள்ளும் இதே நிலை. அங்குள்ள அரசி இல்லம் என்னும் கட்டடத்திலேதான் அவர் கடைசி நாட்களைக் கழித்தார் என்று வழிகாட்டிகள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். அவ்வில்லம் கட்டப்பட்டதோ 1540 ஆம் ஆண்டை அண்டி. அம்மையார் மாண்டது 1536 இல்.

பிளிக்ளிங் மாளிகையின் பெருங்கூடத்திலே, 18 ஆம் நூற்றாண்டில் அமைத்த புடைப்புருவங்கள் இரண்டு உள. ஒன்று ஆன் அம்மையார். மற்றையது அவர் மகளார் எலிசபெத் அரசியார். தாயின் உருவத்தின் கீழ் அவர் 1507 இல் இங்கே பிறந்தார் என இலத்தீன் மொழியிற் பொறித்திருக்கின்றனர். அவ்வாண்டையும் இக்கால அறிஞர் பலர் ஒப்புவதில்லை. அம்மையார் சிறுமியாயிருந்தபோது தந்தைக்குப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதமொன்று கேம்பிரிட்ஜ் நகரத்துக் கல்லூரியொன்றிலே பாதுகாக்கப்படுகிறது. 1514 ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற அக்கடிதத்தின் எழுத்தமைதி ஏழு வயதுக் குழந்தையின் கையினின்று வந்திராது. ஆதலின் அவர் பிறந்தது 1501 ஆம் ஆண்டளவில் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பொலின் குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பமன்று. அம்மையாரின் பூட்டனாராகிய ஜெஃப்ரி பொலின் வணிகத்தால் உயர்ந்து 1457 இல் இலண்டன் மாநகர முதல்வரானவர். பிளிக்ளிங் நிலத்தை வாங்கியவரும், 1462 இல் ஹீவர்க் கோட்டையை வாங்கியவரும் அவரே. பின்வந்தோர் நல்ல இடங்களிற் பெண்கொண்டு மேலும் உயர்ந்தனர். ஆனின் தந்தை தொமஸ் பொலின், நோர்போக் கோமகனின் மகளாகிய எலிசபெத் ஹவார்டை மணந்தார். மேரி, ஆன், ஜோர்ஜ் என மூன்று மக்கள் வளர்ந்து ஆளாயினர். தொமஸ் பன்மொழிப் புலமையால் அரசதூதராய் விளங்கியவர். பிரெஞ்சு மொழியிலே அவருக்கு நிகராவார் ஹென்றியின் அவையிலே அரியர். இப்புலமையே மகளின் ஊழுக்கும் வித்தாயிற்று.

1513 இல் ஆன், நெதர்லாந்தை ஆண்ட ஒஸ்திரியாவின் மார்கரெட் என்னும் அரசமாதின் அவைக்குத் தோழிப்பெண்ணாக அனுப்பப்பட்டார். அடுத்து பிரான்சு தேசம். அங்கே குளோட் அரசியின் அவையிலே ஏறக்குறைய ஏழாண்டு. இசை, நடனம், உரையாடல், உடை என்பவற்றோடு, சமயச் சீர்திருத்த நூல்களையும் அவர் அங்கேதான் பழகினார். பிரான்சோடு போர்மூளும் அறிகுறி தோன்ற, 1521 இன் கடைசியில் அழைப்பிக்கப்பட்டு நாடு திரும்பினார். 1522 மார்ச்சில் அரண்மனையில் நிகழ்ந்த கூத்தொன்றிலே விடாமுயற்சி என்னும் குணத்தின் வேடம் அவருக்கு வாய்த்தது. பிறந்த நாட்டின் அரசவையில் அவர் பெயர் ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

அவர் முகம் எத்தகையது என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூறமுடியாது. வாழ்நாளில் வார்க்கப்பட்டதென ஐயமின்றிக் கொள்ளத்தக்கது 1534 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஈயப் பதக்கம் ஒன்றே. அது பிரித்தானிய அரும்பொருட்சாலையிலே உளது. அதிலும் மூக்குத் தேய்ந்து முகம் நசுங்கியிருக்கிறது. அவருக்கு ஒரு கையில் ஆறு விரல், துருத்திய பல், கழுத்திலே கட்டி என்று வழங்கும் வருணனையெல்லாம் நிக்கொலஸ் சாண்டர் என்பார் எழுதிவைத்து 1585 இல் அச்சேறியவை. அவரோ அம்மையார் இறந்தபோது சிறு பையன். சீர்திருத்தச் சமயத்தையும் எலிசபெத் அரசியையும் வெறுத்தவர். சூனியக்காரிக்கு உரிய அங்க அடையாளங்களை ஒன்றுகூட்டி மகள்மீதுள்ள பகையைத் தாய்மீது தீர்த்துக்கொண்டார். இன்றைய பேய்க்கதையின் மூதாதை அவர் எழுத்து எனின் பிழையாகாது.

இனி, ஹீவர்க் கோட்டைக்கு வருவோம். அகழி சூழ்ந்த சிறு கோட்டை அது; அரண்மனை என்று சொல்லும் அளவினதன்று. ஆன் இளமையில் வளர்ந்ததும், அவையினின்று ஒதுங்கவேண்டிய வேளைகளில் வந்து தங்கியதும் அங்கேதான். ஹென்றி பேர்சி என்னும் பிரபுகுமாரனுக்கும் அவருக்குமிடையே அரும்பிய காதலை வோல்சி கர்தினால் முளையிலே கிள்ளிவிட, ஆன் சிலகாலம் தந்தை வீட்டில் இருக்க நேர்ந்தது என்பர். பின்னர் மன்னனின் கண் அவர்மீது விழுந்தது. அதற்குமுன் தமக்கை மேரி மன்னனின் ஆசைநாயகியாயிருந்து கைவிடப்பட்டவள். தங்கை அவ்வழியிற் செல்ல உடன்படவில்லை. மன்னன் எழுதிய காதற்கடிதங்கள் பதினேழு வத்திக்கான் நூலகத்திலே இன்றும் உள. சில பிரெஞ்சில், சில ஆங்கிலத்தில். கடிதம் எழுதுவதை வெறுத்த மன்னன் தன் கையால் எழுதியவை அவை. அவற்றுள்ளே அவன் இரந்து நிற்கின்றான், ஊடுகின்றான், அம்மையார் மறுமொழி எழுதாமைக்கு வருந்துகின்றான். அம்மையார் எழுதிய மறுமொழிகளுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. இவ்வழக்கிலே ஒரு கட்சியின் ஏடுகள் மாத்திரமே நம் கைக்கு வந்துள்ளன என்பதை எப்பொழுதும் மனத்திற் கொள்ளவேண்டும். 1528 இல் வியர்வைக் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பரவியபோது தந்தையும் மகளும் ஹீவரிலே நோயுற்றுப் பிழைத்தனர். தமக்கையின் கணவன் இறந்தான்.

அக்கோட்டை பிற்காலத்திற் பலர் கைமாறிப் பண்ணைவீடாய்ச் சீரழிந்து கிடந்தது. அமெரிக்கச் செல்வராகிய வில்லியம் வால்டோர்ஃப் ஆஸ்டர் 1903 இல் அதனை வாங்கிப் பெரும்பொருள் செலவிட்டுப் புதுக்கி, பக்கத்தே 38 ஏக்கர் ஏரியொன்றையும் தோண்டுவித்தார். 1963 முதல் பொதுமக்கள் பார்த்துவருகின்றனர். 1999 இல் சிறுவர் நனைந்து விளையாடுவதற்கென நீர்ப்புதிர்ப் பாதையொன்றும் அமைந்தது.

மன்னன் தன் முதன்மனைவி கதரின் அரசியைத் தள்ளிவைக்க முயன்றதும், பாப்பரசர் இணங்காததும், ஆறாண்டு இழுபறியும், இங்கிலாந்துத் திருச்சபை உரோமாபுரியினின்று பிரிந்ததும் பாடநூல்களிற் பரக்கக் காணப்படுவன. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. வோல்சி வீழ்ந்தார். அவர் ஆசையாய்க் கட்டி மன்னனிடம் கையளித்த ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையிலே 1532 முதல் 1535 வரை பெருமண்டபம் ஒன்று எழுந்தது. அதன் மரவேலைப்பாட்டிலே மன்னன் பெயரின் முதலெழுத்தையும் ஆன் பெயரின் முதலெழுத்தையும் பிணைத்துச் செதுக்கினர். 1533 ஜனவரியில் இரகசியத் திருமணம். மே 23 இல் கிறன்மர் பேராயர் கதரினின் திருமணம் செல்லாதெனத் தீர்த்தார். ஜூன் 1 இல் ஆனுக்கு முடிசூட்டு. முடிசூட்டுக்கு முன், மே 29 ஆம் நாள், கிறீனிச்சிலிருந்து இலண்டன் கோட்டைவரை தேம்ஸ் ஆற்றிலே பல படகுகள் புடைசூழ, வாத்தியங்கள் முழங்க, கருவுற்ற அரசி பவனி வந்தார். கோட்டையினுள்ளே அவருக்கெனப் புதுக்கிய அரசமனையிலே தங்கினார்.

செப்டெம்பர் 7 இற் பிறந்தது பெண்குழந்தை. எலிசபெத் என்று பெயரிட்டனர்.

அம்மையாரைக் குற்றமற்ற தெய்வமாக்கிப் பாடுதல் நம் நோக்கமன்று. கதரின் அரசிக்கும் அவர் மகள் மேரிக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளில் அவருக்கும் பங்குண்டு. தந்தையின் ஒரே மகளாய் வளர்ந்த மேரி, பட்டம் பறிக்கப்பட்டு, தொட்டிலிற் கிடந்த எலிசபெத்தின் வீட்டிலே கீழ்ப்படிந்து வாழவேண்டியதாயிற்று. மேரி தணிந்துபோக மறுத்தபோதெல்லாம் அரசியின் சினம் எல்லை கடந்தது. 1535 இல் அறிஞர் தொமஸ் மோரும் பிஷர் ஆயரும் வெட்டுண்டனர். மக்கள் மன்னனைப் பழிக்க அஞ்சி அரசியைப் பழித்தனர். நாவடக்கம் அவரிடம் குறைவு. தூதர்முன்னும் தோழியர்முன்னும் மனத்திற் பட்டதைச் சொல்லிவிடுவார்.

மறுபுறத்தையும் நோக்கவேண்டும். தாய்மொழியிலே வேதாகமம் படிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்திலே, அவ்வரசி தம் அறையிலே தோழியர் படிக்க அதனை வைத்திருந்தார் என்பர். டின்டேல் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் 1534 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருக்குரிய பிரதி இன்றும் பிரித்தானிய நூலகத்திலே உளது. மொழிபெயர்த்த டின்டேலோ 1536 இற் கழுத்து நெரித்துக் கொளுத்தப்பட்டார். சீர்திருத்த எண்ணமுடைய குருமார் பலர் அரசியின் ஆதரவால் உயிர்தப்பினர், உயர்பதவியும் பெற்றனர். 1536 இன் தொடக்கத்திலே மடாலயங்களை மூடி அவற்றின் செல்வத்தைக் கவர அமைச்சர் தொமஸ் குறொம்வெல் சட்டம் கொண்டுவந்தபோது, அச்செல்வம் அரச பண்டாரத்தை நிரப்புவதற்கன்றிக் கல்விக்கும் ஏழைகளுக்கும் பயன்படுதல் வேண்டுமென்று அரசி கருதினார். ஏப்ரல் 2 ஆம் நாள் அவருடைய குரு ஜோன் ஸ்கிப், அகாசுவேரு அரசனை ஏமாற்றிய ஆமான் என்னும் தீய மந்திரியின் கதையை எடுத்து அவைமுன் பிரசங்கித்தார். ஆமான் யார் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கிற்று. அன்றிலிருந்து ஏழு வாரத்துள் அரசி உயிரோடில்லை.

கொடிய செயல் நிகழ்ந்த வேகத்தை நாட்குறிப்போடு நோக்கினாலன்றி அதன் தன்மை புலப்படாது. அவ்வாண்டு ஜனவரி 7 இல் கதரின் அரசி இறந்தார். 29 இல் அவர் பீற்றர்பரோவிலே அடக்கஞ் செய்யப்பட்டார்; அதே நாளில் ஆனுக்குக் கருச்சிதைவு. மன்னனின் மனம் ஏற்கெனவே ஜேன் சீமோர் என்னும் தோழிப்பெண்ணின்பாற் சென்றிருந்தது. முதல் மனைவி உயிரோடிருக்கும்வரை இரண்டாமவளைத் தள்ளினால் முதலாமவளை ஏற்கவேண்டிய இக்கட்டு. இனி அவ்விக்கட்டும் இல்லை. மே 1 இல் கிறீனிச்சிலே நிகழ்ந்த வீரவிளையாட்டின் நடுவே மன்னன் சொல்லாமல் எழுந்து சென்றான். மே 2 இல் அரசி சிறைப்படுத்தப்பட்டு அதே தேம்ஸ் ஆற்றின் வழியே, அதே கோட்டைக்கு, மூன்றாண்டு முன் முடிசூட்டுக்கெனத் தங்கிய அதே மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அவர்மீது சுமத்திய குற்றங்கள்: ஐந்து ஆடவரோடு பிறழ்நெறி, அவருள் ஒருவன் உடன்பிறந்த தம்பி ஜோர்ஜ், அதன்மேல் மன்னனைக் கொல்லச் சூழ்ச்சி. ஐவருள்ளே இசைக்கலைஞனாகிய மார்க் ஸ்மீற்றன் ஒருவன் மாத்திரமே குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிரபுக்குலத்தினன் அல்லாதவனும் அவன் ஒருவனே. குற்றப்பத்திரத்திலே நாளும் இடமும் குறித்திருந்தனர். பிற்காலத்து வரலாற்றாசிரியர் அந்நாட்களையும் இடங்களையும் அரசவையின் இருப்பிடக் குறிப்புக்களோடு ஒத்துப்பார்த்தபோது, பெரும்பாலான நாட்களில் அரசியோ குற்றஞ்சாட்டப்பட்டவனோ அவ்விடத்தில் இருந்திலர் எனக் கண்டனர். ஒன்றை மட்டும் காட்டுவோம். 1533 ஒக்டோபர் முற்பாதியில் வெஸ்ற்மின்ஸ்டரிலே ஹென்றி நோறிஸ் என்பவரோடு கூடினார் என்பது ஒரு குற்றம். அப்போது அரசி பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆகி, கிறீனிச்சு அரண்மனையிலே பிள்ளைப்பேற்று அறையிற் கிடந்தார். குற்றப்பத்திரம் எழுதியோர் பஞ்சாங்கம் பார்க்கவும் பொறுமையற்றவராயிருந்தனர்.

மே 12 இல் தம்பி ஒழிந்த நால்வர் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகளாயினர். விசாரித்த குழுவிலே ஆனின் தந்தை தொமஸ் பொலின் பெயரும் இருந்தது. மே 15 இல் கோட்டைக்குள்ளே ஏறக்குறைய இரண்டாயிரவர் பார்த்திருக்க அரசியின் விசாரணை நடந்தது. நீதியாசனத்திலே இருந்தவர் நோர்போக் கோமகன், அரசியின் தாய்மாமன். தங்கைமகளுக்கு எரித்தோ வெட்டியோ மன்னன் விருப்பப்படி கொல்லுக என்று மரணத்தீர்ப்புக் கூறியது அம்மாமனின் வாயே. நம் குடும்பங்களிலே தாய்மாமனுக்குள்ள உரிமையையும் கடமையையும் அறிந்த வாசகருக்கு இவ்விடத்தில் நெஞ்சு நடுங்கும். அரசி தெளிவாகவும் அமைதியாகவும் எதிருரைத்தார் என்பதைப் பகைவரும் மறுக்கவில்லை. கதரினின் கட்சியைச் சேர்ந்த பேரரசரின் தூதர் சாப்பியூஸ், ஆனை வாழ்நாள் முழுதும் வெறுத்தவர். அவருங்கூடச் சான்றின்றி ஊகத்தாலே தண்டித்தனர் என்று தம் அறிக்கையிலே குறித்திருக்கின்றார். எதிரியின் கையிலிருந்து வந்த இச்சான்று நட்பினர் பலர் எழுதிய புகழுரையினும் மேலானது.

மே 17 இல் தம்பியும் மற்றை நால்வரும் வெட்டுண்டனர். அதே நாளிற் கிறன்மர் பேராயர், ஆனின் திருமணமே தொடக்கமுதல் செல்லாதெனத் தீர்த்தார். திருமணமே இல்லையெனின் மனைவியின் பிறழ்நெறி என்னுங் குற்றம் எங்ஙனம் நிற்கும்? கேட்பாரில்லை. வாளால் வெட்டுதற்கு வல்லவனொருவன் கலே நகரிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்தான். பயணத்துக்கு வேண்டிய நாட்களைக் கணக்கிடுவோர், தீர்ப்பு வெளிவருமுன்னரே அவனுக்கு ஆளனுப்பியிருத்தல் வேண்டும் என்பர். மே 19 காலையிலே அரசி மேடையேறினார். மன்னனைக் குறைகூறாது, கூடிநின்றோரைத் தமக்காக மன்றாடுமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறு அடங்கிப் பேசுதல் அக்கால வழக்கு. விட்டுச்செல்லும் மகளும் மன்னன் கையிலேதான் இருந்தாள். அவளுக்கு அப்போது வயது இரண்டு, மாதம் எட்டு.

ஒரே வீச்சு. உடலை வைக்கச் சவப்பெட்டியொன்று செய்விக்கவும் ஒருவரும் நினைத்திலர். விற்கோல்கள் இட்டுவைத்த பழைய பெட்டியொன்றிலே தோழியர் உடலையும் தலையையும் சேர்த்துவைத்து, கோட்டையினுள்ளிருந்த சிறு ஆலயத்தின் தளத்தின்கீழ்ப் புதைத்தனர். மறுநாள் மன்னனுக்கும் ஜேன் சீமோருக்கும் நிச்சயதார்த்தம். மே 30 இல் மணம். ஆராயாது தண்டித்துவிட்டோமென அறிந்த கணத்திலே அரியணையில் விழுந்து உயிர்விட்ட பாண்டியனின் கதையிலே வளர்ந்தவர்க்கு அம்மன்னனை மன்னனென்று அழைக்கவும் நாக்கூசும்.

ஹம்ப்டன் கோர்ட்டிலே தச்சர்கள் ஏணிவைத்து ஏறி ஆனின் முதலெழுத்தை அகற்றி ஜேனின் முதலெழுத்தைச் செதுக்கினர். அவசரத்திலே ஒன்றை விட்டுவிட்டனர். பெருமண்டபத்து மரத்தட்டியிலே அவ்வொன்று மன்னன் பெயரோடு பிணைந்தவாறே இன்றும் இருக்கிறது. அவ்வரண்மனையிலே பேய்க்கூடம் என்று வழங்கும் நடையொன்றும் உண்டு. அங்கே அலறுவதாகச் சொல்லப்படும் ஆவி ஆனுடையதன்று. ஆனின் மற்றொரு தாய்மாமன் மகளும் ஹென்றியின் ஐந்தாம் மனைவியுமாகிய கதரின் ஹவார்ட்டுடையதாம். அவள் 1542 பெப்ரவரியில் வெட்டுண்டாள். இருபது வயது நிரம்பியிருந்தாளோ என்பதும் ஐயம். அவளோடு ஜோர்ஜின் விதவையும் வெட்டுண்டாள். மச்சாள் இருவரும் ஒரே ஆலயத்துத் தளத்தின்கீழே கிடக்கின்றனர்.

ஆனை வீழ்த்திய குறொம்வெல் 1540 ஜூலை 28 இல் அதே மன்னனால் வெட்டுண்டார். தீர்ப்புக் கூறிய தாய்மாமனுக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1547 ஜனவரி 28 இல் மன்னன் முந்திக்கொண்டு இறந்தமையால் அவர் உயிர்பிழைத்தார். தந்தை தொமஸ் 1539 இல் இறந்து ஹீவர் ஊர்த் தேவாலயத்திலே அடக்கமானார். இரு மக்களைப் பலிகொடுத்துவிட்டு அரசசேவையைத் தொடர்ந்தவர் அவர். பாலந்தோறும் அவரை ஓடவிட்ட நாட்டுப்புறத்தார் ஒருவகையிலே நீதி வழங்கியிருக்கின்றனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

1876 இல் அவ்வாலயத்தின் தளம் தோண்டப்பட்டபோது கிடைத்த எலும்புகளுள்ளே அம்மையாருடையவை இவை எனச் சிலவற்றைக் கருதி, பெயர் பொறித்து மீண்டும் அடக்கினர். அவை அவருடையவைதாமா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. வெளியே புல்வெளியிலே, கோட்டைக்குள் வெட்டுண்டோர் நினைவாக 2006 இல் நிறுவிய சின்னத்தின்மேல் கண்ணாடியிலே வடித்த தலையணையொன்று இருக்கிறது. வார விடுமுறையில் வரும் குடும்பங்கள் அதைச் சூழ்ந்து நின்று படம் பிடித்துக்கொள்ளும். மேடை நின்ற இடமோ அதுவன்று என்று ஆராய்ந்தோர் கூறுவர்.

எலிசபெத் 1558 இல் அரசியானார். 1554 இலே தமக்கை மேரியின் ஆணையால் தாய் இருந்த அதே கோட்டையிலே சிறையும் இருந்தவர் அவர். நாற்பத்து நான்கு ஆண்டு அரசாண்டும் தாய்மீது கூறப்பட்ட தீர்ப்பை அவர் மாற்றுவிக்கவில்லை. உடலை எடுத்து வேறிடத்தில் அடக்கவுமில்லை. தாயைப் பற்றி அவையிற் பேசியதாகவும் அரிதாகவே செய்தியுண்டு. இதைக் கண்டு அவர் தாயை மறந்தார் என்றெழுதினாரும் உளர். ஆயின் தாயின் பழைய குருவாகிய மத்தேயு பார்க்கரை 1559 இலே கந்தர்பரிப் பேராயராக்கினார்; சிறைபுகுமுன் மகளைக் கவனித்துக்கொள்ளுமாறு ஆன் வேண்டிக்கொண்டது அவரிடமே. சிறுமி ஆன் தந்தைக்கெழுதிய அப்பிரெஞ்சுக் கடிதம் பிழைத்திருப்பதும் பார்க்கர் சேர்த்து வைத்த ஏடுகளுள்ளேதான். அன்றியும் எலிசபெத் அரசியாருக்குரியதாயிருந்த மோதிரமொன்று உளது. 1575 ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்டது. மாணிக்கமும் வைரமும் இழைத்தது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே இரு சிறு உருவங்கள்: ஒன்று எலிசபெத், எதிரே பழைய நாட்டுடையில் மற்றொரு பெண். அவர் ஆன் பொலின் என்றே பலரும் கருதுவர். மூடிய மோதிரத்தினுள்ளே இரு முகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

ஹீவர்க் கோட்டையிலே அம்மையாருக்குரிய செபநூல்கள் இரண்டு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1527 ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரிலே அச்சிட்டது. அதன் ஓரங்களிலே அழித்த எழுத்துக்கள் சில நெடுங்காலம் படிக்கப்படாமற் கிடந்தன. ஊதாக்கடந்த ஒளியிலே வைத்து ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட முடிவு வியப்பைத் தருவது. அவை கெந்துப் பகுதியிலே, பொலின் குடும்பத்தோடு தொடர்புடைய வீடுகளில் வாழ்ந்த பெண்கள் சிலரின் பெயரும் குறிப்பும் ஆகும். அரசியின் பெயரைச் சொல்வதும் ஆபத்தாயிருந்த நாட்களிலே, அவர் கையெழுத்திட்ட அந்நூலை நெருப்பிலிடாமல், தாய் மகளுக்கும் உறவினள் உறவினளுக்குமாக அப்பெண்கள் கைமாற்றி வைத்திருந்திருக்கின்றனர்.